கறுப்பு மிட்டாய்ப் போத்தலும் கத்தரிக்காய் தின்னாத பிள்ளையும்

சிறார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நான் விலகிய நாளில் நீதிபதி அம்மா எழுந்து நின்று என்னைப் புகழ்ந்து பேசினார். நேர்மையானவர் என்றார். நேரம் தவறாதவர் என்றார். இவர் இல்லாமல் இந்த அறை எப்படி இயங்கப் போகிறதோ என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. என் கண் தன்பாட்டில் அவருடைய மேசையில் இருந்த கண்ணாடிப் போத்தலுக்குப் போய்விட்டது. அந்த அறையில் எதையாவது ஒருவர் அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால், அடுத்ததாகத் திறப்பது அந்தப் போத்தலின் மூடிதான். அது ஏன் என்று சொல்வதானால் ஒரு வத்தகப்பழ வழக்கைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்த அறையில் ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். நாங்கள் தமிழில் கதைத்தால் அது இத்தாலியனில் சொல்லுமாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் இந்தச் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்து, பட்டம் பெற்ற பிள்ளைகள். “அங்கிள், கருவி இல்லாத காலத்திலை நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? வந்து ஒரு பத்து நிமிசம் கதையுங்கோவன்” என்று கேட்டார்கள். பத்து நிமிடத்தில் நான் தொண்டையைச் செருமித்தான் முடிப்பேன். ஆகவே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இத்தாலியனிலும் சிசிலியனிலும் நடந்த பேச்சையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன். இத்தனை வருடம் அந்தப் பக்கமாக மாற்றினேன், ஒரு நாளைக்கு இந்தப் பக்கமாகவும் மாற்றிப் பார்க்கலாம்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் அல்ல. பலெர்மோவுக்கு வந்த புதிதில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தேன். அந்த வீட்டுக்காரியான சிஞ்ஞோராவிடம் இத்தாலியன் கற்றேன், சந்தையில் சிசிலியன் கற்றேன். முதலாவது மரியாதையாகத் திட்டு வாங்குவதற்கு, இரண்டாவது திருப்பித் திட்டுவதற்கு. பிறகு சனத்தில் யாருக்காவது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியில் சிக்கல் என்றால் என்னைக் கையில் பிடித்து கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு இழுத்துப் போகத் தொடங்கினார்கள். அங்கே யாரோ என் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் என்ன குற்றம் செய்தேன் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன்.

முதல் வழக்கிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு தாயார் அழுதழுது, “ஒம்பது மாசம் சுமந்து பெத்தனான்” என்றார். நான் அடக்கமாக, “அவ ஒன்பது மாதம் சுமந்து பெற்றாவாம்” என்று இத்தாலியனில் சொன்னேன். நீதிபதி அம்மா பேனையை வைத்தார்.

“ஆர் அந்த அவ?”

“இவதான், பிரெசிதெந்தே” என்றேன். தலைமை நீதிபதியை அங்கே அப்படித்தான் அழைக்க வேண்டும்.

“இஞ்சை அவ கதைக்கேக்கை நீங்கள்தான் அவ. நான் எண்டுதான் சொல்ல வேணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

நான் நெஞ்சை நிமிர்த்தி, “நான் இவனை ஒன்பது மாதம் சுமந்து பெற்றேன்” என்றேன். வாசலில் நின்ற காவலர் என் வயிற்றைப் பார்த்தார். அன்று தொடங்கி அந்த அறையில் நான் பல பிள்ளைகளைப் பெற்றிருக்கிறேன். குடித்துவிட்டு மனைவியோடு சண்டை பிடித்திருக்கிறேன். மாமியார் கொடுமையில் அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குக் கலியாணமே நடக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

இன்னொரு விதியும் இருந்தது. வழக்குக்கு வந்தவர்களோடு வெளியே விறாந்தையில் நின்று வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது. எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவே கூடாது. எங்கள் சனம் என்னைக் கண்டவுடன் “அண்ணை, எந்த ஊர்?” என்று தொடங்குவார்கள். நான் சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு அறிவித்தலை வாசிப்பதுபோல நிற்பேன். அந்த அறிவித்தல் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

ஒன்றை விளக்க வேண்டும். அந்த அறையில் நான் பிள்ளைகளுக்காக இருக்கவில்லை. குற்றம் செய்த பிள்ளைக்கு இத்தாலியன் என்னைவிட நன்றாக வரும். “அங்கிள், அப்பிடிச் சொல்றேல்லை” என்று இடையில் என்னைத் திருத்துவான். நான் இருந்தது தாய் தகப்பனுக்காக. அங்கேதான் தொல்லை. சிசிலியத் தாய்மார் வந்தால் அறை அதிரும். என் மகன் தேவதை, என் மகன் பூச்சியையும் மிதிக்கமாட்டான், அடுத்தவனின் போன் தானாக நடந்து வந்து இவனுடைய பைக்குள் ஏறியது என்பார்கள். எங்கள் ஆட்கள் இதற்கு நேர் எதிர். பெரிய ஆட்களுக்கு முன்னால் சொந்தப் பிள்ளையைப் புகழ எங்களுக்குக் கூச்சம், கண்ணூறு பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. வாத்தியார், டொக்டர், நீதிபதி யாராக இருந்தாலும், பிள்ளையை எவ்வளவு கீழே போடுகிறோமோ அவ்வளவுக்கு அவர்கள் இரங்கித் தூக்கி விடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. “சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ, நல்ல பிள்ளை” என்று அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பலெர்மோவில் ஒரு பக்கத்துக்குத்தான் தெரியும்.

இனி நீதிபதி அம்மா. சின்ன உருவம். நடுவில் அவர் இருப்பார், இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக இரண்டு கௌரவ நீதிபதிகள் இருப்பார்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல, பிள்ளைகளைப் படித்தவர்கள். அம்மா சத்தம் போட்டதை நான் கண்டதில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அந்தப் போத்தல்தான். அதற்குள் கரூபா மிட்டாய். கரூபா என்பது ஒரு நெற்றுக்காய். அதன் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்பு மிட்டாய் இருமலுக்கு நல்லதென்று பலெர்மோவில் தெருவோரத்தில் விற்பார்கள். வாயில் போட்டால் பல்லில் ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கும்.

யாராவது பொய் சொல்கிறார் என்று தோன்றினால் அம்மா மூடியைத் திறப்பார். “தொண்டை வறண்டு போச்சுதுபோலை. ஒண்டு எடுங்கோ. வாயிலை வைச்சுக்கொண்டு கதைக்காதேங்கோ, புரைக்கேறும். ஆறுதலா முடியுங்கோ” என்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். நாங்கள் எல்லோரும் காத்திருப்போம். சுவர் மணிக்கூட்டின் சத்தமும் மிட்டாய் உறிஞ்சும் சத்தமும்தான் கேட்கும். சற்றுமுன் தான் சொன்ன பொய்யோடு ஒரு மனிதர் அவ்வளவு நேரம் தனியாக இருப்பது லேசான காரியம் இல்லை. மிட்டாய் முடிந்ததும் வருகிற வசனம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அந்தப் போத்தலுக்கு போர்கோ வெக்கியோ சந்தைப் பக்கத்துப் பொடியன்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

இந்த இடத்துக்குத்தான் ரோசா வந்து சேர்ந்தாள். பதினாறு வயது. பதிவில் ரொசாலியா. பிள்ளை கிடைத்தால் உன்னுடைய பெயரையே வைக்கிறேன் என்று தகப்பன் வெறுங்காலோடு மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. தகப்பன் செல்வம் நெற்றியில் திருநீறோடு விடிய முதல் எழும்பி அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவர். தாய் கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கி வேலை, ஞாயிறுகளில்தான் ஒரேத்தோ தெருவிலிருந்த தங்கள் வீட்டுக்கு வருவார். மிச்ச நாட்களில் சமையல், சண்டை எல்லாம் தகப்பனும் மகளும்தான்.

ஒரு கோடை மத்தியானம் ரோசாவும் இரண்டு பொடியன்களும் போர்கோ வெக்கியோ சந்தையில் நின்ற லாப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கடலில் குளிக்க மொண்டெல்லோவுக்குப் போனார்கள். லாப்பா என்றால் மூன்று சில்லு வைத்த குட்டி லொறி. பழ வியாபாரி பீனோவுடையது. பின்பெட்டி நிறைய வத்தகப்பழம், அதாவது தர்ப்பூசணி. ஓட்டியது ரோசா. கடலுக்கு இறங்கும் சரிவில் எஞ்சின் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நகரப் பொலிஸ் வந்தது. பொடியன்கள் இரண்டு பேரும் குதித்து ஓடிவிட்டார்கள். ரோசா மட்டும் ஆசனத்திலேயே இருந்தாள். “இறங்கு” என்றார்கள். “ஏலாது” என்றாள். மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் “ஏலாது”. கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். இறக்கியதும் லாப்பா தன்பாட்டில் புறப்பட்டது. கீழே கடற்கரையில் சனம். நல்ல காலம், பாதி வழியில் ஒரு அரளி வேலிக்குள் புகுந்து நின்றது. வத்தகப்பழங்கள் மட்டும் நிற்காமல் கடற்கரை வரைக்கும் உருண்டு போயின. குளிக்க வந்த சனம் நன்றி சொல்லிச் சாப்பிட்டது.

களவு ஒரு பக்கம். பொலிஸின் கதை அதைவிடப் பாரதூரமானது. பொலிஸுக்கு அடங்க மறுத்தாள், இறக்கும்போது வேண்டுமென்றே கைபிரேக்கைத் தட்டிவிட்டு வண்டியைச் சனத்தின்மேல் ஏவினாள் என்று சொன்னார்கள். கைபிரேக் பிடிக்காது, நான் கால்பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாள் ரோசா. வண்டிக்காரன் பீனோவோ, என் பிரேக் முதல்தரம் என்று பொலிஸிடம் சொல்லிவிட்டான். ஓடிப்போன பொடியன்கள் யார் என்று கேட்டால், அதுவரை பலெர்மோக்காரிபோல வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ரோசாவுக்குத் திடீரென்று இத்தாலியன் மறந்து போகும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பாள். நான் தமிழில் கேட்டால் தமிழும் மறந்து போகும்.

விசாரணை வரைக்கும் வீட்டில் விட்டிருந்த அவள் தொடர்ந்து வீட்டிலேயே இருப்பதா, இல்லை கொமுனித்தாவுக்குப் போவதா என்பதுதான் அன்றைய கேள்வி. கொமுனித்தா என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம். அவளுக்குப் பார்த்திருந்த இல்லம் வேறொரு ஊரில், நாலு மணித்தியாலப் பயணம். வழக்கை நிறுத்தி வைத்து, வீட்டிலிருந்தபடியே திருந்த ஒரு தவணை கொடுக்கும் வழியும் சட்டத்தில் உண்டு. தவணையை ஒழுங்காக முடித்தால் குற்றமே அழிந்து போகும். அதற்குப் பிள்ளையை ஏற்று நடத்த ஒரு வீடு வேண்டும். வீட்டைப் பார்த்துவர சமூகப் பணியாளர் ஒருவர் போயிருந்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போனதால் ரோசாவே மொழிபெயர்த்திருக்கிறாள். தகப்பன் கையை நீட்டி, கண் சிவக்க, ஐந்து நிமிடம் கத்தியிருக்கிறார். ரோசா திரும்பி, “கோப்பி குடிக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்” என்றாளாம். பணியாளருக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

விறாந்தையில் செல்வம் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். “அண்ணை, உள்ளுக்கை எப்பிடிக் கதைக்க வேணும்?”

நான் தீயணைப்பு அறிவித்தலைப் பார்த்தபடி, “உண்மையைச் சொல்லுங்கோ” என்றேன். அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

“ஓம் ஓம். மரியாதையாக் கதைக்கிறன்” என்றார். அவருடைய மரியாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே இருக்கச் சொல்லியும் செல்வம் இருக்கவில்லை. கைகட்டி நின்றார். அம்மா கனிவாகத்தான் கேட்டார். “உங்கடை மகளைப் பற்றிச் சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல, சிஞ்ஞோரா. ஒண்டுக்கும் உதவாதவள். வீட்டிலையும் பிரயோசனமில்லை, வெளியிலையும் பிரயோசனமில்லை.”

விதி விதிதான். “என் மகள் ஒன்றுக்கும் உதவாதவள்” என்று நான் இத்தாலியனில் சொன்னேன். சமூகப் பணியாளர் எழுதத் தொடங்கினார்.

“அப்பா,” என்றாள் ரோசா தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. “இப்பிடிச் சொல்லாதேங்கோ. இவை உண்மையா எடுப்பினம்.”

“வாயை மூடடி. பெரிய ஆக்கள் கதைக்கினம்.” இதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பணியாளரின் பேனை இன்னும் வேகமாக ஓடியது.

செல்வம் உற்சாகமாகிவிட்டார். எழுதுகிறார்கள் என்றால் இரங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார். “நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் அனுப்புங்கோ, ஏனெண்டு கேக்கமாட்டன். நீங்கள் அடிச்சாலும் நான் தடுக்கமாட்டன். எனக்கு இப்பிடியொரு பிள்ளையே இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுறன்” என்றார். சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தை ஆவலோடு பார்த்தார். சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ என்பதற்காகக் காத்திருந்தார்.

நான் சொல்லி முடித்தேன். இரண்டு கௌரவ நீதிபதிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப இவளைக் கொமுனித்தாவுக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதம்?” என்றார் அம்மா.

செல்வத்தின் முகம் சற்று மாறியது. ஆனாலும் மரியாதையை விடவில்லை. “நீங்கள் சொன்னால் சரி, சிஞ்ஞோரா.”

ரோசா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு நேரமும் திமிராக இருந்த பிள்ளை. எனக்குத் தாங்கவில்லை. கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்கிறார் என்றேன்.

“ஏதாவது சொல் விளங்கப்படுத்த இருக்கோ?”

“சொல் இல்லை, பிரெசிதெந்தே. ஆக்களைப் பற்றி.”

“ஆக்களை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் சொல்லைப் பாருங்கோ” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் கையைக் கீழே இறக்கினேன். அடுத்ததாக பீனோவைக் கூப்பிட்டார்கள்.

பீனோ புதுச் சேட்டும் வாசனையுமாக வந்தான். எதைக் கேட்டாலும் அவனிடம் உள்ளது முதல்தரம். பழம் முதல்தரம், தராசு முதல்தரம், லாப்பா முதல்தரம்.

“கைபிரேக்?”

“பிரெசிதெந்தே, என்ரை கைபிரேக்கை இழுத்துவிட்டா மொந்தே பெல்லெக்ரீனோ மலையும் அசையாது. அப்பிடியொரு பிரேக் சிசிலியிலை இல்லை. செத்துப்போன என்ரை அம்மா மேலை சத்தியம்.”

அம்மா மூடியைத் திறந்தார்.

பீனோ போர்கோ வெக்கியோவில் பிறந்து வளர்ந்தவன். அந்தப் போத்தலைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முகத்திலிருந்த இரத்தம் எல்லாம் இறங்கிவிட்டது. “எனக்குச் சீனி வருத்தம்” என்றான். “சின்னன்தானே” என்றார் அம்மா. எடுத்து வாயில் போட்டான். நாங்கள் காத்திருந்தோம். முதலில் கூரையைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைப் பார்த்தான். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, ரோசாவைப் பார்த்தான். அவளுடைய தகப்பன் இன்னும் கைகட்டிக்கொண்டு நின்றார். மிட்டாய் மெல்ல மெல்லக் கரைந்தது.

“கல் ஒண்டு வைக்கிறனான்” என்றான் பீனோ கடைசியில்.

“என்ன கல்?”

“நல்ல கல், பிரெசிதெந்தே. முதல்தரக் கல். நிப்பாட்டின உடனை சில்லுக்குக் கீழை வைப்பன். பிரேக் கம்பி அறுந்து போய் மூண்டு கோடை. அதைச் சொன்னா, பரிசோதனைக்குக் கொண்டுபோகாத வண்டி எண்டு என்னையெல்லே பிடிப்பாங்கள்.”

“அண்டைக்கு அந்தக் கல் எங்கை இருந்தது?”

“சந்தையிலை கிடந்தது. வண்டியைத் தூக்கினவங்கள் கல்லை விட்டிட்டுப் போட்டாங்கள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பொறுப்பே இல்லை.”

அம்மா ரோசாவின் பக்கம் திரும்பினார். “பிரேக் பிடிக்காது எண்டு பொலிஸுக்கு ஏன் சொல்லேல்லை?”

“இறங்கேலாது எண்டு சொன்னனான். ஏன் ஏலாது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கீழை சின்னப் பிள்ளையள் குளிச்சுக்கொண்டு நிண்டவை. காலை எடுத்தா வண்டி அவையிலை போய் ஏறும். அவங்கள் ரெண்டு பேரும் ஓடேக்கை எனக்கும் ஓடத்தான் விருப்பம். கால் எடுக்கேலாமல் போச்சு” என்றாள்.

பொலிஸின் பக்கம் பேச வந்த அரச தரப்புச் சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அம்மா இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. “இண்டைக்கு இந்த அறையிலை புகழ்ந்த பிரேக் வேலை செய்யேல்லை. திட்டு வாங்கின பிள்ளை வேலை செய்திருக்கிறாள்.”

பிறகு செல்வத்தை நிமிர்ந்து பார்த்தார். மகளைக் கூட்டிப் போக விருப்பமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனிதர் மறுபடியும் மரியாதையாகப் பதில் சொல்லிக் கெடுத்திருப்பார். அம்மா கேட்டது வேறு.

“இண்டைக்கு இரவு இவள் என்ன சாப்பிடுவாள்?”

செல்வம் தடுமாறிவிட்டார். இதற்கு எப்படி மரியாதையாகப் பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார். “இடியப்பமும் சொதியும், சிஞ்ஞோரா. வெள்ளண அவிச்சு மூடி வைச்சிட்டு வந்தனான். கத்தரிக்காய்க் கறியும் வைக்கலாம், ஆனால் இவள் கத்தரிக்காய் தின்னமாட்டாள்.”

“என் மகள் கத்தரிக்காய் தின்னமாட்டாள்” என்றேன் நான். அறை முழுக்கத் திடுக்கிட்டது. கத்தரிக்காய் இல்லாமல் சமையலே இல்லாத பலெர்மோவில் ஒருவர் கத்தரிக்காய் தின்னமாட்டார் என்பதை யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பீனோ ஆசனத்தில் இருந்து எழும்பிவிட்டான். “இஞ்சை பிறந்த பிள்ளையோ?” என்றான். கௌரவ நீதிபதியான அந்தப் பெண்மணி, “பொரிச்சுக் குடுத்தாலுமோ?” என்று விசாரித்தார். வழக்கில் முதல் தடவையாக உண்மையான குற்றம் ஒன்று அகப்பட்டதுபோல இருந்தது.

செல்வத்துக்கு இப்போது தடை உடைந்துவிட்டது. “பொரிச்சாலும் தின்னமாட்டாள். அதுக்கு நான் வேறை கறி வைக்க வேணும். காலமை அஞ்சு தரம் எழுப்ப வேணும். தலை இழுக்கமாட்டாள், நான்தான் பின்னிவிட வேணும். இரவிலை லைற்றைப் போட்டபடி நித்திரையாப் போவாள், நான் எழும்பி வந்து நிப்பாட்ட வேணும். பொலிஸ் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு அந்த லைற்றை நான் நிப்பாட்டேல்லை. விடிய விடிய எரிஞ்சது. வந்தா இருட்டாக் கிடக்குமெல்லே…” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. “அந்த லைற்றை நான் நிறுத்தவில்லை” என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அழுகை வந்தது, அழுதேன். நான் என்று சொல்லிச் சொல்லி அந்த அறையில் எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றவன்தான். ஆனால் இவளை மட்டும் யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்று அந்த நிமிடம் எனக்கு வெறி வந்தது. கண்ணீரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அம்மாவும் பார்க்காததுபோல இருந்தார்.

சமூகப் பணியாளர் எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். ரோசா வீட்டுக்குப் போகலாம் என்று முடிவானது. தவணை ஒரு வருடம். பள்ளிக்கூடம் தவறக் கூடாது. சனிக்கிழமைகளில் பீனோவின் கடையில் நின்று, உருண்டுபோன பழங்களுக்கு உழைத்துக் கழிக்க வேண்டும். லாப்பா ஓட்டுவதற்கு முறையாக லைசென்ஸ் எடுக்க வேண்டும். பீனோ பிரேக் கம்பியை மாற்றுவதாகத் தானே முன்வந்து சத்தியம் செய்தான். உயிரோடு இருந்த மாமியார் மேல் சத்தியம் செய்தபடியால் அம்மா அதை நம்பவில்லை, ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்ததும் செல்வம் மகளைத் திட்டத் தொடங்கினார். படி இறங்கி, தெரு கடந்து, பஸ் வரும் வரைக்கும் திட்டினார். திட்டிக்கொண்டே அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

தவணை முடிந்து கடைசி விசாரணை வந்தது. முதலில் பீனோ. நல்ல சாட்சி சொல்லுவான் என்று எதிர்பார்த்தால், அவன் தலையில் கைவைத்துக்கொண்டு தொடங்கினான். “இந்தப் பிள்ளையாலை நான் அழிஞ்சு போனன், பிரெசிதெந்தே. எந்தப் பழம் முத்தேல்லை எண்டு வாற சனத்துக்கு வாய்விட்டுச் சொல்லுறாள். தராசிலை நான் விரல் வைச்சா விரலைத் தட்டிவிடுறாள். என்ரை பெண்சாதி இப்ப இவளின்ரை சொல்லைத்தான் கேக்கிறாள். கடையிலை எனக்கு மரியாதையே இல்லை.” அம்மா சந்தோசமாகத் தலையாட்டி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். போத்தல் மூடியபடியே இருந்தது. ஒரு வருடம் செல்வத்தோடு பழகியதில் பீனோ எங்கள் முறையைப் பழகிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது செல்வம். அவரும் ஒரு வருடம் பீனோவோடு பழகியிருக்கிறார். கைகட்டவில்லை. நெஞ்சில் கை வைத்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்த இத்தாலியனில், அறை அதிர, தன் மகள் ஒரு தேவதை என்றார். பூச்சியையும் மிதிக்கமாட்டாள் என்றார். இப்படியொரு பிள்ளை சிசிலியிலேயே இல்லை என்றார். எனக்கு வேலையே வைக்கவில்லை. ரோசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மாவின் புருவம் உயர்ந்தது. கை மெல்லப் போத்தலின் பக்கம் போனது. மூடி அரைவாசி திறந்துவிட்டது.

செல்வம் என்னைப் பார்த்தார். எங்கே பிழை விட்டேன் என்று அவருடைய கண் கேட்டது. விதி விதிதான், நான் சுவரைப் பார்த்தேன். போத்தல் மேசையின் விளிம்பு வரை நகர்ந்து வந்தது. மனிதர் பதறிப்போய்த் தமிழுக்குத் திரும்பினார். “ஆனால் சிஞ்ஞோரா, கத்தரிக்காய் இன்னும் தின்னமாட்டாள்! பீனோவின்ரை பெண்சாதி சமைச்சுக் குடுத்தும் தின்னமாட்டாளாம்! சொல்லிச் சொல்லி என்ரை வாய்தான் உளையுது!”

“என் மகள் இன்னும் கத்தரிக்காய் தின்னமாட்டாள்” என்றேன் நான், வேலையில் என்றைக்கும் இல்லாத அளவு சத்தமாக.

அம்மா மூடியை இறுக்கித் திருகினார். “இப்பதான் நம்புறன்” என்று சொல்லிவிட்டு, குற்றம் அழிந்தது என்ற தீர்ப்பில் கையெழுத்து வைத்தார்.